பழைய பிரிட்டிஷ் ராணுவப் பொத்தான்கள்: சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

பிரிட்டிஷ் ராணுவச் சீருடைப் பொத்தான்களைச் சேகரிக்க ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது, "எந்த ரெஜிமென்ட் பொத்தானுக்கு மதிப்பு அதிகம்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். விலைப்பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள்தான் இந்தத் துறையில் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு பொத்தானைக் கையில் எடுத்தால் அது எந்தக் காலத்தது, அதை அணிந்தவர் அதிகாரியா சிப்பாயா என்று சொல்லத் தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் எதை வாங்குவது, எதை விடுவது என்பது தானாகவே பிடிபடும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்கான பயிற்சிதான்.

முதலில் சில கருவிகள். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய பூதக்கண்ணாடி ஒன்று வேண்டும். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அதுபோல. மில்லிமீட்டர் காட்டும் வெர்னியர் காலிப்பர் ஒன்று, கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று, ஒரு மேஜை விளக்கு, ஒரு நோட்டு. இவ்வளவு போதும். விளக்கு தலைக்கு மேல் இருந்தால் பயனில்லை. பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேஜை மட்டத்துக்குத் தாழ்த்தி வைத்தால்தான் தேய்ந்துபோன எழுத்தின் நிழல் விழும். அப்போதுதான் படிக்க முடியும். பின்புறத்தில் எதுவுமே இல்லை என்று விற்பவர் கொடுத்த பொத்தானில், இப்படிச் சாய்ந்த வெளிச்சத்தில் தயாரிப்பாளர் பெயர் முழுவதும் தெரிந்ததுண்டு.

முதல் படி: பின்புறத்திலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். கிரீடம், சிங்கம், எண், மாலை எல்லாம் அங்கேதான் இருக்கும். நீங்கள் திருப்பிப் பாருங்கள். பொத்தான் எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பின்புறம்தான் காட்டும். முன்பக்கத்தைப் பார்த்து நகல் செய்பவர்கள் பின்புறத்தில் அவ்வளவு அக்கறை காட்டுவதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டு அதிகாரிகளின் பொத்தான்களில் ஒரு வகை உண்டு. எலும்பு அல்லது மரத்தாலான வட்டத்தின் மேல் மெல்லிய வெள்ளித் தகடோ முலாம் பூசிய தகடோ போர்த்தியிருப்பார்கள். தைப்பதற்குப் பின்னால் துளை போட்டு நரம்புக்கயிறு கோத்திருப்பார்கள். கயிறு பெரும்பாலும் மட்கிப் போயிருக்கும், துளைகள் மட்டும் மிஞ்சும். அதே காலத்துச் சிப்பாய்களுக்கு பியூட்டர். அது வெள்ளீயமும் ஈயமும் கலந்த மென்மையான சாம்பல் நிற உலோகம். ஒரே துண்டாக அச்சில் வார்த்திருப்பார்கள், தைக்கும் காதும் அதோடு சேர்ந்தே வரும், அல்லது இரும்புக் கம்பி வளையத்தை உள்ளே பதித்திருப்பார்கள். மண்ணில் கிடந்த பியூட்டர் பொத்தான்களில் அந்த இரும்பு துருப்பிடித்து அழிந்து, நடுவில் ஒரு பழுப்புத் திட்டு மட்டும் இருக்கும்.

அதற்கடுத்து ஒரே தகட்டில் செய்த தட்டையான அல்லது சற்றே குவிந்த பொத்தான்கள்; பின்னால் காது பற்றவைத்திருக்கும். அப்புறம் வந்தவை இரண்டு தகடு சேர்ந்த குவிந்த பொத்தான்கள். முன்தகட்டின் விளிம்பைப் பின்தகட்டின் மேல் மடக்கி அழுத்திவிடுவார்கள், உள்ளே வெற்றிடம் இருக்கும். பர்மிங்காமில் பெஞ்சமின் சாண்டர்ஸ் 1813-இல் காப்புரிமை பெற்ற முறை இந்த வகைக்கு வழி திறந்தது. ராணுவப் பொத்தான்களில் இது பரவ அதற்குப் பிறகும் காலம் பிடித்தது. எனவே பின்புறம் மூடிய, விளிம்பு மடிந்த, உள்ளீடற்ற பொத்தானை "நெப்போலியன் போர்க் காலத் தொடக்கம்" என்று யாராவது விற்றால் அந்த இடத்திலேயே சந்தேகப்படலாம்.

ஒரு நல்ல சோதனை சொல்கிறேன். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது அங்கே இருந்த பிரிட்டிஷ் படை 69-ஆம் காலாட்படை ரெஜிமென்டின் நான்கு கம்பெனிகள். '69' என்று எண் போட்ட பொத்தானைக் காட்டி, வேலூர்க் கதையையும் சேர்த்து விலை சொன்னால் தமிழ் வாசகர் யாருக்கும் கை பரபரக்கும். திருப்பிப் பாருங்கள். இரண்டு தகடு, மடித்த விளிம்பு, லண்டன் தயாரிப்பாளரின் பெயர் இருந்தால் அது 69-ஆம் ரெஜிமென்டின் உண்மையான பொத்தானாக இருக்கலாம். ஆனால் வேலூரைப் பார்த்த பொத்தான் அல்ல. அந்த ரெஜிமென்ட் 1881 வரை அதே எண்ணோடு இருந்தது. அதற்குரிய விலை கொடுத்து வாங்குவதில் தவறில்லை, வேலூருக்குச் சேர்த்துக் கேட்கும் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொத்தான்களின் பின்புறத்தில் காதைச் சுற்றி வட்டமாக எழுத்து இருக்கும். அதில் மூன்று வகை உண்டு. முதலாவது, தயாரிப்பாளர் பெயரும் ஊரும். லண்டனில் ஃபர்மின், ஜென்னன்ஸ். பர்மிங்காமில் ஸ்மித் அண்ட் ரைட், ஹாமண்ட் டர்னர், ஜே. ஆர். காண்ட் ஆகிய பெயர்கள் அடிக்கடி வரும். ஃபர்மின் குடும்பம் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பொத்தான் செய்த குடும்பம். இரண்டாவது, தரத்தைப் பாராட்டும் சொற்கள்: 'முலாம் பூசியது', 'இருமடங்கு முலாம்', 'மும்மடங்கு முலாம்' என்பதுபோல. இதை நிறுவனத்தின் பெயர் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். முலாம் இல்லாததை முலாம் என்று விற்பதைத் தடுக்க 1796-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பொத்தானுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. அதன் பிறகு தரச் சொற்களைப் பின்னால் பொறிப்பது தொழிலில் வழக்கமாகிவிட்டது. மூன்றாவது, முகவரி. இதுதான் தங்கம். நிறுவனங்கள் கடை மாற்றின, பங்காளிகளை மாற்றின, பெயரை மாற்றின. எந்த ஆண்டில் எந்தத் தெருவில், எந்தப் பெயரில் இருந்தார்கள் என்று லண்டன் வணிகர் விவரத்தொகுப்புகளை வைத்து சேகரிப்பாளர்கள் அட்டவணை போட்டிருக்கிறார்கள். ஒரு பொத்தானின் காலத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் சுருக்குவதற்கு இந்த ஒற்றை வரி போதும்.

சில குறிப்புகள் அட்டவணை இல்லாமலே உதவும். பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' என்பதன் சுருக்கம் இருந்தால் 1855-க்கு முன்பு வாய்ப்பில்லை. அந்த ஆண்டில்தான் வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனங்களுக்கான சட்டம் வந்தது. நடைமுறையில் அதற்கும் வெகுநாள் கழித்துத்தான் இந்தச் சுருக்கம் பொத்தான்களில் சகஜமாகிறது. ஜென்னன்ஸ் 1924-இல் காண்ட் நிறுவனத்தோடு சேர்ந்தது. ஆகவே காண்ட் பெயரோடு 'முன்னாள் ஜென்னன்ஸ்' என்ற பொருளில் பொறித்திருந்தால் அந்த ஆண்டுக்குப் பிந்தையது.

ஒரு எச்சரிக்கை. பின்முத்திரை சொல்வது பொத்தான் எப்போது செய்யப்பட்டது என்பதை மட்டுமே. அச்சைப் பத்திரமாக வைத்திருந்து பல ஆண்டு கழித்தும் அடித்திருக்கிறார்கள். கலைக்கப்பட்ட ரெஜிமென்டின் பொத்தானைப் பழைய வீரர்களின் கோட்டுக்காகப் பிற்காலத்தில் செய்து கொடுத்ததும் உண்டு.

மூன்றாம் படி: நினைவில் நிற்க வேண்டிய ஆண்டுகள்

இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து படிக்க வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1767-இல் வந்த அரசாணைதான் காலாட்படைப் பொத்தானில் ரெஜிமென்ட் எண்ணைப் போட வைத்தது. அதற்கு முந்தைய பொத்தான்களில் எண்ணைத் தேடாதீர்கள்.

1830 வரை அதிகாரிகளின் பொத்தான் தங்க நிறமா வெள்ளி நிறமா என்பது அந்தந்த ரெஜிமென்டின் சரிகையைப் பொறுத்தது. அந்த ஆண்டில் நான்காம் வில்லியம் மன்னர் நிரந்தரப் படைகளுக்கெல்லாம் தங்கச் சரிகை, மிலிஷியா எனப்படும் பகுதிநேர உள்நாட்டுப் படைக்கு வெள்ளி என்று பிரித்தார். அதனால் விக்டோரியா காலத்து வெள்ளி நிறக் காலாட்படைப் பொத்தான் கிடைத்தால் முதலில் மிலிஷியாவையோ தன்னார்வப் படையையோ நினையுங்கள். புதிதாக வருபவர்கள் 'வெள்ளிதானே, உசத்தியாக இருக்கும்' என்று நினைத்துக்கொள்வார்கள். அங்கே வெள்ளி என்பது படையின் வகையைத்தான் காட்டுகிறது.

1855-இல் சிப்பாயின் பியூட்டர் போய்ப் பித்தளை வந்தது. சீருடையே அப்போது மாறியது. குட்டையான வால்கோட்டு போய் டியூனிக் என்ற மேற்சட்டை வந்தது. இது மிகவும் வசதியான எல்லைக்கோடு. பியூட்டரில் எண் இருந்தால் 1855-க்கு முன், சிப்பாய் வகைப் பித்தளையில் எண் இருந்தால் அதற்குப் பின்.

1871-இல் அந்த எண்ணும் போயிற்று. சிப்பாய்கள் எல்லோருக்கும் ஒரே பொத்தான்: அரச இலச்சினை, ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் ஒற்றைக்கொம்பன். இதைத்தான் ஜெனரல் சர்வீஸ் பொத்தான் என்கிறார்கள். அரண்மனைக் காவல் படைகள் தங்கள் பொத்தானை வைத்துக்கொண்டன. மற்ற காலாட்படைகளில் எண்ணைத் தாங்கும் உரிமை அதிகாரிகளுக்கு மட்டும் இன்னும் பத்தாண்டு நீடித்தது.

1881 ஜூலை 1 முதல் காலாட்படைக்கு எண்ணே கிடையாது. போர்த்துறை அமைச்சர் சில்டர்ஸின் சீர்திருத்தத்தில் எண்கள் நீங்கி ஊர்ப்பெயர்கள் வந்தன. 24-ஆம் ரெஜிமென்ட் சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ் ஆயிற்று. 41-உம் 69-உம் சேர்ந்து வெல்ஷ் ரெஜிமென்ட் ஆயின. குதிரைப்படைகள் எண்ணை விடவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

இந்த ஆண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டால் எத்தனை கதைகள் உதிர்ந்துவிடும் என்பதற்கு இஸாண்டல்வானா ஒன்று போதும். 1879 ஜனவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவில் ஜூலு படையிடம் 24-ஆம் ரெஜிமென்டின் ஆறு கம்பெனிகள் அழிந்த போர் அது. அந்தப் பெயரைச் சொன்னாலே விலை ஏறும். '24' பொறித்த சிப்பாய் வகைப் பித்தளைப் பொத்தானை "அந்தப் போரில் இறந்தவருடையது" என்று யாராவது சொன்னால் கணக்குப் போடுங்கள். சிப்பாய்க்கு எண் போட்ட பித்தளைப் பொத்தான் இருந்தது 1855-க்கும் 1871-க்கும் இடையில். 1879-இல் சாதாரணச் சிப்பாயின் டியூனிக்கில் விதிப்படி இருக்க வேண்டியது எண்ணில்லாத பொதுப் பொத்தான். எண் இருந்திருந்தால் அதிகாரியின் முலாம் பூசிய பொத்தானில் மட்டும்தான்.

நான்காம் படி: கிரீடத்தைப் பாருங்கள், ஆனால் கிரீடத்தை மட்டும் நம்பாதீர்கள்

கிரீடத்தின் மேல் வளைவுகள் எப்படி இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். 1901-இல் ஏழாம் எட்வர்ட் வந்ததும் டியூடர் கிரீடம் எனப்படும் வடிவம் நிலைபெற்றது. அதில் வளைவுகள் முழு வட்டமாக மேலே எழும்பி நிற்கும். சேகரிப்பாளர்கள் இதை ராஜா கிரீடம் என்பார்கள். 1952-இல் இரண்டாம் எலிசபெத் வந்தபின் புனித எட்வர்ட் கிரீடம். அதில் வளைவுகள் சேருமிடம் உள்வாங்கிக் குழிந்திருக்கும். விக்டோரியா காலத்தின் பிற்பகுதியில் வந்த கிரீடத்தில் வளைவுகளின் தோள் சற்று முறிந்தாற்போல, உச்சி தட்டையாக இருக்கும். ஆனால் விக்டோரியா காலத்தில் ஒரே வடிவம் என்று கட்டாயமில்லை. பல மாதிரி புழங்கின. அவற்றில் சில பார்ப்பதற்கு எலிசபெத் காலத்தை ஒத்தே இருக்கும். அதனால்தான் பின்புறத்தோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொரு சிக்கல் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. மூன்றாம் சார்லஸ் 2022-இல் மறுபடியும் டியூடர் வடிவத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். ராஜா கிரீடம் என்றாலே 1952-க்கு முன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன காலம் முடிந்தது.

பெரிய இலச்சினை உள்ள பழைய பொத்தான்களில் கேடயத்தின் நடுவையும் பாருங்கள். நடுவில் ஒரு சிறு கேடயம் தனியாக இருந்தால் அது ஹானோவருக்கு உரியது. 1837-இல் விக்டோரியா அரசியானபோது ஹானோவர் அவருக்கு வரவில்லை, கேடயமும் நீங்கியது. பிரான்ஸின் லில்லிப் பூக்கள் இருந்தால் 1801-க்கு முன். கடற்படைப் பொத்தானில் நங்கூரத்தின் மேல் கிரீடம் ஏறியது 1812-இல்.

கைப்பயிற்சி: '102'

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் பழகிப் பார்க்க வேண்டுமானால் 102 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த எண் இது.

ஆஸ்திரேலியக் குடியேற்றத்துக்காக 1789-இல் திரட்டிய நியூ சவுத் வேல்ஸ் கோர் என்ற படை, ஆளுநர் பிளையைப் பதவியிலிருந்து இறக்கி ஊரையே கைப்பற்றியது. பிறகு அதற்கு 102 என்ற எண் கிடைத்தது. 1816-இல் அது 100 ஆக மாறி, 1818-இல் கலைந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைகள் அரசியின் படையில் சேர்ந்தபோது, மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் 1862-இல் அதே 102-ஐப் பெற்றது. நம்முடைய சென்னையில் பிறந்த படை அது, வேர் 1740-களில். 1881-இல் இதுவே அயர்லாந்தின் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் ஆயிற்று. அதன் சின்னத்தில் யானையும் புலியும் இருந்தன. அந்த ரெஜிமென்ட் 1922-இல் கலைக்கப்பட்டது.

இப்போது உங்கள் முன் '102' என்று ஒரு பொத்தான். தட்டையான பியூட்டரா? அப்படியானால் மெட்ராஸ் படையாக இருக்கவே முடியாது. 1862-இல் பியூட்டர் போய் ஏழு ஆண்டு ஆகிவிட்டது. குவிந்த பித்தளை, சிப்பாய் வகையா? 1862 முதல் 1871 வரை, ஒன்பது ஆண்டுக்குள் அடங்கிவிடும். தங்க முலாம், நுணுக்கமான வேலைப்பாடு, பின்னால் லண்டன் முகவரியா? மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் அதிகாரி, 1862 முதல் 1881 வரை. ஒரே எண், உலோகமும் உருவமும் மாறினால் கண்டமே மாறிவிடுகிறது. நெப்போலியன் காலத்துக்கு முன்பும் 102 வேறு சில குறுகிய காலப் படைகளுக்குப் போயிருக்கிறது என்பதால் தட்டைப் பொத்தான் கிடைத்தால் வடிவமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: எதைச் சேர்ப்பது என்று ஒரு வரம்பு போடுங்கள்

எல்லாவற்றையும் வாங்கினால் வீட்டில் பொத்தான் குவியும், அறிவு குவியாது. ஒரு ரெஜிமென்டின் முழு வரலாறு, ஒரு தயாரிப்பாளரின் எல்லா முகவரிகளும், அல்லது ஒரு போர் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த படைகள் என்பது நமக்கு இயல்பாக வரும் தலைப்பு. கம்பெனியின் மெட்ராஸ் காலாட்படைகள், மெட்ராஸ் சாப்பர்ஸ், 1873-இல் கலைந்த சிலோன் ரைஃபிள்ஸ், தோட்டத் துரைமார்களின் சிலோன் பிளான்டர்ஸ் ரைஃபிள் கோர் என்று விரியும். ஆனால் இவை அரிதானவை, விலையும் அப்படித்தான். தொடக்கத்தில் கை வைக்க வேண்டாம்.

தொடங்க நல்ல வழி அரண்மனைக் காவல் படைகள். கிரனேடியர் படையில் பொத்தான்கள் ஒவ்வொன்றாக, கோல்ட்ஸ்ட்ரீமில் இரண்டிரண்டாக, ஸ்காட்ஸில் மும்மூன்றாக, ஐரிஷில் நான்கு நான்காக, வெல்ஷில் ஐந்தைந்தாகத் தைத்திருக்கும். வெல்ஷ் காவல் படை 1915-இல்தான் உருவானது. இந்த ஐந்தையும் வெவ்வேறு ஆட்சிக்காலங்களில் சேர்த்தாலே கிரீட வேறுபாடுகள் கண்ணுக்குப் பழகிவிடும். இதோடு இருபது முப்பது ஜெனரல் சர்வீஸ் பொத்தான்கள். முதல் உலகப் போரில் லட்சக்கணக்கில் செய்தவை, இங்கிலாந்துச் சந்தைகளில் ஒன்றிரண்டு பவுண்டுக்குக் கிடைக்கும். அவற்றை மட்டம் என்று நினைக்காதீர்கள். பின்முத்திரைகளைப் படிக்க இதைவிட மலிவான பாடப்புத்தகம் இல்லை. ஒன்று மட்டும்: இந்தப் பொத்தானை வைத்து ரெஜிமென்டைச் சொல்ல முடியாது. சொல்பவர் ஊகிக்கிறார்.

ராணுவம் அல்லாததையும் பிரித்தறியப் பழகுங்கள். பிரபுக் குடும்பங்களின் வேலையாட்கள் அணிந்த சீருடைப் பொத்தான்களிலும் சிங்கமும் வாளும் கிரீடமும் இருக்கும். செய்தவர்களும் அதே ஃபர்மின், அதே ஜென்னன்ஸ்தான். காவல்துறை, ரயில்வே, கப்பல் நிறுவனங்கள் எல்லாம் அப்படியே. ராணுவம் என்று சொல்லிக் கலந்துகட்டி விற்கும் பெட்டிகளில் கணிசமானவை இந்த வகைதான்.

ஆறாம் படி: வாங்கும்போது

லண்டனில் சனிக்கிழமை போர்ட்டோபெல்லோ சாலைச் சந்தை, ஊர் ஊராக நடக்கும் ராணுவப் பொருள் கண்காட்சிகள், ஏல நிறுவனங்கள், இணைய விற்பனைத் தளங்கள் ஆகியவை வழக்கமான இடங்கள். இணையத்தில் வாங்கினால் முன், பின், பக்கவாட்டு என மூன்று படம் கேளுங்கள். எடையும் அகலமும் கேளுங்கள். பின்பக்கப் படம் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். அகலத்தை அவர்கள் 'லைன்' கணக்கில் சொன்னால் குழம்பாதீர்கள்: 40 லைன் ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். 30 லைன் என்றால் 19 மில்லிமீட்டர்.

நகலை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய போர்களை நடித்துக் காட்டும் குழுக்களுக்காக நேர்மையாகவே நகல்கள் செய்யப்படுகின்றன. கை மாறி மாறி அவையே 'அசல்' ஆகிவிடுகின்றன. பூதக்கண்ணாடியில் எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். அச்சால் அடித்த பொத்தானில் ஓரம் கூர்மையாக, எழுத்துக்கு இடைப்பட்ட தரை வழவழப்பாக இருக்கும். அசலிலிருந்து வார்த்தெடுத்த நகலில் ஓரம் மழுங்கி, தரையில் மணல் துகள்போல் பொரிப்பொரியாகத் தெரியும். வார்ப்பு குளிரும்போது சுருங்கும் என்பதால் அகலமும் அசலைவிட மிகச் சிறிதளவு குறையலாம். காலிப்பர் வாங்கச் சொன்னது அதற்குத்தான். பியூட்டர் பொத்தான்கள் அசலிலேயே வார்ப்பு என்பதால் அவற்றில் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. அங்கே தேய்மானத்தைப் பாருங்கள். உண்மையில் அணிந்த பொத்தானில் உயர்ந்த பகுதிகள் தேய்ந்து, காதின் உட்புறம் நூல் அரைத்துப் பளபளத்திருக்கும். முன்பக்கம் பழசு, காது புதுசு என்றால் யோசியுங்கள்.

பிரபல எண்கள், 1912 முதல் 1918 வரை மட்டுமே இருந்த ராயல் ஃப்ளையிங் கோர் போன்ற குறுகிய காலப் படைகள், இவற்றில் நகல் அதிகம். கூடுதல் கவனம் தேவை.

ஏழாம் படி: துலக்காதீர்கள்

இதைத் தனியாக, அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம் வீடுகளில் பித்தளை என்றாலே கை புளிக்குப் போகும். குத்துவிளக்குக்குப் புளியும் பீதாம்பரியும் சரி. நூற்றைம்பது ஆண்டுப் பழைய அதிகாரிப் பொத்தானில் இருக்கும் தங்கம் நகத்தால் கீறினால் போய்விடும் அளவுக்கு மெல்லியது. பொடி போட்டு ஒருமுறை தேய்த்தால் தங்கம் போய் வெறும் பித்தளை பளபளக்கும். அமிலமோ முலாமின் நுண்துளை வழியாக அடியில் இருக்கும் செம்புக் கலவையைத் தின்னும். புளி, எலுமிச்சை, வினிகர், பற்பசை, பிராசோ எதுவும் வேண்டாம். சிப்பாய் தன் பொத்தானைத் தினம் பிராசோ போட்டுத் துலக்கினான் என்பது உண்மைதான். அது அவன் வேலை, உங்களுடையது அல்ல.

செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். முலாம் பொத்தானுக்கு வடிகட்டிய வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, குழந்தைகள் பயன்படுத்தும் மிருதுவான பல்துலக்கி. அழுக்கு மட்டும் போனால் போதும். உள்ளே வெற்றிடமுள்ள பொத்தானை நீரில் முக்க வேண்டாம். பின்னாலிருக்கும் சிறு இடுக்கு வழியாக நீர் புகுந்தால் உள்ளிருந்தே அரிக்கும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். பச்சைக் களிம்பு கெட்டியாக ஒட்டியிருந்தால், பல்குத்தும் மரக்குச்சியைக் கூராக்கி, பூதக்கண்ணாடியில் பார்த்தபடி மெதுவாக எடுக்கலாம். வெளிர்ப்பச்சை நிறத்தில் மாவுபோல் உதிர்ந்து, துடைத்தாலும் மறுபடி வந்தால் அது சாதாரணக் களிம்பு அல்ல, குளோரைடு அரிப்பு. அந்தப் பொத்தானை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, உலர்ந்த டப்பாவில் தனியாக வையுங்கள்.

பியூட்டருக்கு எதிரி மரமும் அட்டையும். ஓக் போன்ற மரங்களும் மலிவான அட்டைகளும் வெளிவிடும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும். அழகான மரப்பெட்டியில் வைக்க ஆசை வரும், வேண்டாம். பிவிசி உறை போட்ட நாணய ஆல்பங்களும் வேண்டாம். பாலிஎத்திலீன் பைகளும், அமிலமில்லாத காகிதமும் போதும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, மழைக்காலத்தில் அடிக்கடி மாற்ற வேண்டும். ஈயம் கலந்த பொத்தானைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

எட்டாம் படி: எழுதி வையுங்கள்

ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் எண், முன் பின் படம், அகலம், எடை, பின்முத்திரை எழுத்துப் பிசகாமல், எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கியது. விற்றவர் சொன்ன கதையையும் எழுதுங்கள், ஆனால் தனிப் பத்தியில். நீங்களே பார்த்து உறுதிசெய்ததோடு அதைக் கலக்க வேண்டாம். பத்து ஆண்டு கழித்து எது எதுவென்று உங்களுக்கே தெரியாது.

சந்தேகம் வரும்போது போக வேண்டிய இடங்கள் உண்டு. லண்டன் செல்சியில் தேசிய ராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது. பல ரெஜிமென்ட்களுக்கு அவரவர் ஊரில் சிறு அருங்காட்சியகங்கள் உண்டு. அங்கே தைத்த நிலையிலேயே பொத்தானைச் சீருடையில் பார்க்கலாம். பிரிட்டிஷ் பட்டன் சொசைட்டி 1976 முதல் இயங்குகிறது. ராணுவப் பொத்தான்களில் ஊறியவர்கள் அதில் இருக்கிறார்கள்.

சட்டம்

இங்கிலாந்தில் உறவினர் இருந்து, உலோகம் கண்டறியும் கருவியோடு வயலில் தேடலாமே என்று தோன்றினால், நில உரிமையாளரின் அனுமதி கட்டாயம். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அரசு அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். தேம்ஸ் ஆற்றங்கரைச் சேற்றில் தேடுவதற்கு லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். நம் ஊரில் வேலூர், செஞ்சி, புனித ஜார்ஜ் கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் தோண்டுவதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். அங்கே மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் ஒரு பொத்தான் எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடக்கிறது என்பது தொல்லியலாளருக்குத் தேவையான செய்தி. பிடுங்கி எடுத்துவிட்டால் அது அழிந்துபோகும்.

இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. லண்டனிலிருந்து வாங்கி வந்த விக்டோரியா காலப் பொத்தானைப் பிறகு திருப்பி அங்கே விற்கலாம் என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள். வாங்கிய ரசீது, அஞ்சல் உறை, சுங்கச் சீட்டு மூன்றையும் அந்தந்தப் பொத்தானின் எண்ணைக் குறித்துப் பத்திரப்படுத்துங்கள். எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்ற ஐயம் வந்தால், அஞ்சலில் போடும் முன்பே இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.